மூன்று கை, ஒரு தட்டு, கொஞ்சம் சிசிடிவி கேபிள்

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பாவின் தறி குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கோவையை ஒட்டிய சோமனூர்ப் பக்கம் இது அதிசயமில்லை. இங்கே தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். இந்த வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்கிறேன், அதிலும் ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன்ஆர்ம், மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நான் கிளம்பியதைச் சொந்தபந்தம் லொள்ளாகத்தான் பார்த்தது. ஒன்றரை வருடம் ஆனது. ஊசி பொருத்திய சின்னப் பெட்டி, கார்ட்ரிட்ஜ் என்பார்கள், ஒன்று செத்தது. ஒரு கேபிளுக்குக் கொடுத்த காசு வீணாய்ப் போனது. அந்தக் கதை இது.

டெக், அதாவது தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்த லென்கோ எல்75. குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது மச்சான் கண்ணில் பட்டு, காய்கறி வண்டியில் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கியது. சுழலும் தட்டு மட்டும் நாலு கிலோ. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர்ச் சக்கரம் உரசி ஓட்டுகிறது. மோட்டார், சக்கரம் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. ஊசியைத் தாங்கும் கைதான் படுத்துவிட்டது. கையைத் தாங்குகிற இரண்டு சின்ன ரப்பர்க் கட்டிகள் பழைய வெல்லம் போல உதிர்ந்தன. இந்த மாடலுக்கு ஊரறிந்த வியாதி அது. கோவை கணபதியில் பட்டறை வைத்திருப்பவரிடம் நைலானில் செய்து தரச் சொன்னேன்.

“எத்தனை ஆயிரம் பீஸ்ங்க?”

“ரெண்டே ரெண்டுங்ணா.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்த பிறகு செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டாவது கை ரேகா ஆர்பி300. 1983-இல் வந்தது. குழாயும் தலையும் ஒரே அலுமினிய வார்ப்பு. வார்ப்புப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அதைக் கையில் எடுத்ததும் ஒரு மரியாதை வந்துவிடும். மூன்றாவது எஸ்எம்ஈ 3009, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இரவல். சொந்தமில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அது கத்தி முனை மேல் நிற்கிற கை, நம் பழைய தராசு முள் நிற்கிற மாதிரி. ஆசாரி செய்த பெட்டியின் பின்பக்கம் ஒரு பலகையைப் பதித்து, ரேகாவையும் எஸ்எம்ஈயையும் மாற்றி மாற்றி மாட்டினேன். லென்கோ கை அதன் பழைய இடத்திலேயே இருந்தது. மூன்றுக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ், ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ. ஊசி அழுத்தம் 2 கிராம். அதை அளக்க ராஜ வீதியில் பொற்கொல்லர்கள் வாங்கும் பாக்கெட் தராசு போதும். டர்ன்டேபிளுக்கென்று தனியாக விற்கும் தராசு எனக்கு அதைவிட ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லை.

முதல் சுற்றில் நோட்டுப் போட்டு எழுதினேன். லென்கோ: மந்தம், இடது பக்கம் மெலிகிறது. ரேகா: தெளிவு, தவிலின் தொப்பி (கனத்த சத்தம் தரும் பக்கம்) நன்றாக இறங்குகிறது. எஸ்எம்ஈ: மேலே பளபளப்பு, ஆனால் ‘ச’வும் ‘ஷ’வும் காதைக் குத்துகின்றன. கொடுமுடிக்காரரான கே.பி. சுந்தராம்பாளின் தட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்தக் குரலுக்கே ஒரு வெண்கல நாக்கு உண்டு. எஸ்எம்ஈயில் ‘ஷண்முகா’ என்று வரும் இடத்தில் தகரத்தில் மணல் கொட்டியது போல இருந்தது.

பெருமையோடு இதைப் பொள்ளாச்சி மாமாவிடம் போனில் ஒப்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தம்பி, எங்கிட்ட அம்பது வருசமா அந்தக் கை பாடுதுங்க. குத்துனதே இல்ல. ஒயரு யாரு போட்டது?”

“நான்தாங்க.”

“அப்ப அதைப் பாருங்க மொதல்ல.”

கையோடு வந்த பழைய ஒயர் எங்கேயோ தொலைந்திருந்தது. ஆம்ப் ஹாலின் இன்னொரு மூலையில் இருந்ததால், கிராஸ்கட் ரோட்டில் வாங்கிய சாதா மைக் ஒயரில் இரண்டரை மீட்டருக்கு நானே ஒன்று செய்து போட்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று கைக்கும் மூன்று வேறு ஒயர். நான் மூன்று ஒயரை ஒப்பிட்டுவிட்டுக் கையின் குணம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒயரில் அப்படி என்ன இருக்கிறது? கொஞ்சம் விளக்க வேண்டும், இங்கேதான் விஷயம். ஷீல்டு போட்ட எந்தக் கேபிளும், நடுக்கம்பியும் வெளி வலையும் எதிரெதிரே இருப்பதால், ஒரு சின்னக் கெபாசிட்டர். நீளம் கூடக் கூட அது கூடும். சாதாரண மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்குள் ஆயிரக்கணக்கான சுற்றுச் சுருள் இருக்கிறது, அது இண்டக்டர். என்னுடையதில் 550 மில்லிஹென்றி. இண்டக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஏதாவது ஒரு சுருதியில் ஊஞ்சல் ஆடும். அந்தச் சுருதியில் ஒலி எகிறும், அதற்கு மேலே சரிந்து விழும். ஊசியின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குகிற போனோ ஆம்பில் இருக்கும் 47 ஆயிரம் ஓம் தடை அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது, முழுக்க அல்ல.

அளக்கலாம் என்று தெருமுனை வைண்டிங் கடைக்கு ஒயரை எடுத்துப் போனேன். அவருக்குக் கெபாசிட்டர் என்றால் 36 மைக்ரோஃபாரட், கிணற்று மோட்டார் கிளப்புவது. எனக்கு வேண்டியதோ பைக்கோ, மைக்ரோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. “பைக்கோவுங்களா? நம்ம மீட்டர்ல அது பூஜ்யமுங்க” என்று சிரித்துவிட்டார். கடைசியில் அக்கா மகள் பீளமேட்டில் அவள் படிக்கும் கல்லூரி லேபில் அளந்து வந்தாள். என் மைக் ஒயர் இரண்டரை மீட்டருக்கு 520 பைக்கோஃபாரட். ரேகாவோடு வந்த ஒயர் 130. என் போனோ ஆம்ப் தன் பங்குக்கு 100.

ஆக எஸ்எம்ஈ பக்கம் மொத்தம் 620. கணக்குப் போட்டால் ஊஞ்சல் எட்டரை ஆயிரம் ஹெர்ட்ஸில் ஆடுகிறது. மனிதக் குரலின் ‘ச’, ‘ஷ’ உரசல் இருக்கும் இடமே அதுதான். ரேகா பக்கம் மொத்தம் 230; அங்கே ஆட்டம் 14 ஆயிரத்துக்கு ஏறிவிடுகிறது, எகிறலும் லேசானது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 100 முதல் 200 பைக்கோ. நான் அதைப் போல மூன்று பங்கு ஊட்டிவிட்டு, ஐம்பது வருடக் கையைக் குறை சொல்லியிருக்கிறேன். எல்லாக் கார்ட்ரிட்ஜும் இப்படி இல்லை. ஆர்ட்டஃபான் 2எம் ரெட் 150 முதல் 300 வரை கேட்கும். பழைய ஷ்யூர்களில் 400, 500 கேட்பவையும் உண்டு. அவற்றுக்குக் கெபாசிட்டன்ஸ் குறைந்தால்தான் ஒலி சரியாக வராது. அதனால் ‘நல்ல ஒயர்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. உங்கள் கார்ட்ரிட்ஜின் தாளில் இருக்கும் எண்ணிலிருந்து போனோ ஆம்பின் எண்ணைக் கழியுங்கள். மிச்சம்தான் ஒயருக்கு. கைக்குள் ஓடும் மெல்லிய ஒயருக்கு அதிலும் ஒரு இருபது ஒதுக்கிவிடுங்கள்.

குறைந்த கெபாசிட்டன்ஸ் ஒயருக்கு ரொம்பத் தேட வேண்டியதில்லை. சிசிடிவி மாட்டுகிறவர்கள் கையில் இருக்கும் ஆர்ஜி-59 கேபிள் மீட்டருக்கு 67 பைக்கோ அளவில்தான் வரும். ஆர்ஜி-59 என்ற பெயர் கேபிள் மேலேயே அச்சடித்திருக்கும். வாங்கும்போது தோலைச் சீவி வலையைப் பார்த்துவிடுங்கள், செம்பாக இருக்க வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 இன்னும் குறைவுதான், ஆனால் பெரும்பாலும் அதன் வலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. நானும் அரை மணி நேரம் புகை கிளப்பிப் பார்த்தேன். ஆம்பை டெக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, முக்கால் மீட்டர் ஆர்ஜி-59 போட்டேன். கைக்குள் ஓடும் ஒயரின் இருபதையும் சேர்த்து மொத்தம் 170 பைக்கோ. சுந்தராம்பாள் அம்மாளின் ‘ஷண்முகா’ பழையபடி வெண்கலமானது.

லென்கோவின் மந்தத்துக்குக் காரணம் இன்னும் அற்பம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் தலையை, அதாவது ஹெட்ஷெல்லை, கழற்றி மாட்டும் இடத்தில் முள்கள் பச்சை பூத்திருந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் இடது பக்கம் எழுந்து உட்கார்ந்தது.

மூன்று கைக்கும் ஒரே கேபிள், ஒரே நீளம், ஒரே அழுத்தம் என்று ஆன பிறகு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை என் காதை நான் நம்பவில்லை. ஒவ்வொரு கையிலும் அதே பகுதியைக் கம்ப்யூட்டரில் பதிந்து, சத்த அளவைச் சமமாக்கி, மனைவியைப் போடச் சொன்னேன். எது எது என்று அவளுக்குத்தான் தெரியும். பழைய ஒயரோடு பதிந்து வைத்திருந்ததில் ரேகாவா எஸ்எம்ஈயா என்று பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னேன். ஒயரைச் சமமாக்கிய பதிவில் பத்துக்கு ஆறு. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். “இதுக்காடா ரெண்டு மாசமா வெள்ளிக்கிழமை சந்தைக்குக்கூட வரல?” என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை.

அதற்காகக் கைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாதஸ்வரக் கச்சேரித் தட்டில் தவில் மட்டும் வரும் இடத்தை எடுத்துக்கொண்டபோது பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னேன். ரேகாவில் தொப்பியின் அடி ஒரே கட்டியாக விழுகிறது, எஸ்எம்ஈயில் ஓரம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. ஆனால் வெயிலில் கிடந்து அப்பளமாய் வளைந்த தட்டுகளை எஸ்எம்ஈதான் பதறாமல் ஏறி இறங்குகிறது. லென்கோ கை, புது நைலான் போட்டும், தட்டின் கடைசிப் பாட்டில் நாதஸ்வரம் உச்சிக்குப் போகும்போது கரகரக்கிறது. உள்வட்டத்தில் தடத்தின் ஓட்டம் மெதுவாகி அலைகள் நெருங்கிவிடுவதால் எந்தக் கைக்கும் அங்கே சோதனைதான். அதில் லென்கோ தோற்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம், கேட்டுக் கேட்டுத் தேடினால் கிடைக்கிற அளவு. ஒயர் தந்த வித்தியாசம் அடுத்த அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கே கேட்டது.

நடுவில் ஒரு வழுக்கல். கெபாசிட்டன்ஸ் என்றெல்லாம் தெரிவதற்கு முன்னால், ஒரு பெரிய ஊர்க் கடையில் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு மீட்டர் ஒயர் வாங்கியிருந்தேன். பின்னல் பின்னலாய், ஜடை போல அழகாக இருக்கும். பிறகு அளந்தபோது 310 பைக்கோ. அப்படி நெருக்கிப் பின்னினால் கெபாசிட்டன்ஸ் கூடத்தான் செய்யும். திருப்பிக் கேட்டதற்கு, “உங்க சிஸ்டம் இன்னும் அந்த லெவலுக்கு வரலைங்க சார்” என்றார்கள். இப்போது அது போனோ ஆம்புக்கும் பெரிய ஆம்புக்கும் நடுவில் கிடக்கிறது. அந்த இடத்தில் ஐம்பது ரூபாய் ஒயருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே சிக்னல் பலமாகிவிடுகிறது, தள்ளிவிடும் சர்க்யூட்டும் வலுவானது, முந்நூறு பைக்கோவை அது சட்டை செய்வதில்லை.

மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் சுருளே ஆடுகிற வகை) கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அநேகமாகப் பொருந்தாது. மாமாவிடம் டெனான் டிஎல்-103 இருக்கிறது, அறுபதுகளில் வந்த வகை, இன்னும் விற்கிறார்கள். அதில் சுருள் மிகச் சின்னது, அதனால் ஒயரின் கெபாசிட்டன்ஸ் கேட்கிற எல்லைக்குள் தலைகாட்டாது. ஆனால் அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான், என்னுடையதில் 4. அதனால் ஷீல்டிலும் எர்த்திலும் சின்ன ஓட்டை இருந்தாலும் ஃபேன் ரெகுலேட்டர் முதல் எல்லாம் உள்ளே வந்து பாடும்.

இனி என்னுடைய பெரிய முட்டாள்தனம். ஒயர்தான் எல்லாம் என்று தெரிந்ததும், ரேகாவின் உள் ஒயரையும் மாற்றுகிறேன் என்று இறங்கினேன். தலையிலிருந்து ஆம்ப் வரை இடையில் ஒட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக. முதல் நாளே, கார்ட்ரிட்ஜின் பின்னில் கிளிப் மாட்டிய நிலையில் கிளிப்புக்கு ஈயம் வைத்தேன். சூடு பின் வழியாக உள்ளே போய் வலது சுருள் போச்சு. கிளிப்பைத் தனியாகக் கழற்றி வைத்துத்தான் சால்டரிங் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், இன்னொரு தடவை கழற்றச் சோம்பல். நிறம் மட்டும் சரியாகப் போட்டேன்: சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த், வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த்.

புதுக் கார்ட்ரிட்ஜ் வந்தது. மாட்டினால் தட்டின் நடுவுக்குப் போகப் போக ஊசி தடம் தாண்டுகிறது. அழுத்தம் சரி, கோணம் சரி. ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, கையைச் சமநிலையில் மிதக்கவிட்டு, ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்துச் சும்மா பார்த்தேன். கை அதுவாக வெளிப்பக்கம் நகர்ந்தது. நடுவில் கொண்டுவந்து விட்டால் மறுபடி மெல்ல வெளியே, நாய் வாசலைப் பார்த்துப் போவது போல. நான் போட்ட ஒயர் கொஞ்சம் தடி. கையின் அச்சில் வளையும் இடத்தில் அது ஸ்பிரிங் மாதிரி முறுக்கித் தள்ளியது. ஓடும் தட்டு கையை உள்ளே இழுக்கும் விசையே, 2 கிராம் அழுத்தத்துக்குத் தோராயமாக 0.2 கிராம்தான். அதைச் சரிக்கட்டத்தான் ஆன்ட்டி-ஸ்கேட்டிங். அங்கே ஒயரும் ஒரு பங்கு தள்ளினால் எல்லாம் போச்சு.

மயிர்போல் மெல்லிய ஒயரை மறுபடி வாங்கி, அச்சுக்குக் கீழே ஒரு தளர்வான சுருளாக விட்டேன். பெட்டியின் அடியில் இரண்டு ஆர்சிஏ சாக்கெட் பதித்து, மெல்லியது அங்கே முடிந்துவிடுகிற மாதிரி செய்தேன். விறைத்த ஆர்ஜி-59 அங்கிருந்துதான் ஆரம்பம். ‘ஒட்டே இல்லாமல்’ என்ற ஆசையை விட்டுவிட்டேன். அந்த மிதக்கவிடும் சோதனையை மட்டும் யார் எந்தக் கை வாங்கினாலும் செய்யச் சொல்வேன். இரண்டு நிமிட வேலை, பழைய கையில் அச்சு இறுகியிருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒயரை மாற்றியதில் இன்னொன்றும் கெட்டது: ங்ங்ங் என்று ஹம். ரேகாவில் தனி எர்த் ஒயர் வராது. கைக்குழாயின் எர்த்தை இடது சேனலின் ஷீல்டோடு உள்ளேயே சேர்த்திருப்பார்கள். நான் அதையும் பிடுங்கிவிட்டேன். குழாயிலிருந்து தனியாக ஒரு ஒயரைப் போனோ ஆம்பின் எர்த் திருகுக்குக் கொண்டுபோனதும் முக்கால்வாசி அடங்கியது. மிச்சக் கால்வாசி அடங்கவில்லை, ஆம்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறியது. பெரியப்பா வந்து பார்த்தார். போனோ, கார்ட்ரிட்ஜ் என்று நான் ஆரம்பிப்பதற்குள் வெளியே போய் எர்த் குழியைப் பார்த்தார்.

“கண்ணு, சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சு கெடக்குது. தறிக்கே இந்த மாசம் நான் ரெண்டு தடவ தண்ணி ஊத்துனேன். உனக்கு எப்படி நிக்கும்?”

உப்பும் நாலு குடம் தண்ணியும். சுருசுருப்பும் போனது, ஹம்மும் போனது.

கடைசியாகத் தறி. தறி ஓடும் பகலில் தட்டைப் போட்டால், பாட்டு இல்லாத இடத்திலும் வூஃபரின் கூம்பு மூச்சு வாங்குவது போல உள்ளே வெளியே போகும். கையின் எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து இன்னொரு ஊஞ்சல். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. கையின் செயல் எடையோடு (கை அசையும்போது ஊசி உணரும் எடை) கார்ட்ரிட்ஜ், திருகு எடைகளைக் கூட்டி, நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுக்க வேண்டும். ரேகாவுக்கு 12, கார்ட்ரிட்ஜும் திருகும் ஏழரை, ஆக பத்தொன்பதரை. என் ஊசியின் நெகிழ்வை 13 என்று வைத்தால் விடை 10 ஹெர்ட்ஸ். எஸ்எம்ஈ கொஞ்சம் லேசு, 11-க்குப் பக்கம் வரும். ஜப்பான் கம்பெனிகள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வதால் எண் சின்னதாகத் தெரியும். தாளில் 7 என்றுதான் இருந்தது, ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் போட்டுத்தான் 13. இந்த வழக்கம் தெரியாமல் எத்தனை பேர் பொருந்தாத ஜோடியைக் கட்டிவைத்திருக்கிறார்களோ.

கணக்கில் இரண்டு கையும் பாஸ். ஆனாலும் தறியின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக வந்து அந்த ஊஞ்சலைத் தட்டிவிடுகிறது. அதற்குக் கையை மாற்றி என்ன பயன்? குடோனை ஒட்டாத எதிர்ச் சுவரில் ஆங்கிள் இரும்பு வெல்டு வைத்து, மேலே கடப்பா கல் போட்டு, டெக்கைத் தரையிலிருந்து பிரித்தேன். கூம்பு அடங்கியது. நல்ல தட்டுகளை இன்னும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வைத்திருக்கிறேன், அன்றைக்குத் தறி லீவு.

கையின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி நான் கழித்த இரவுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 237 மில்லிமீட்டர் நீளக் கையில் ஒரு மில்லிமீட்டர் என்பது கால் பாகைகூட இல்லை.

போன மாதம் எஸ்எம்ஈயைத் துடைத்து, ஆர்ஜி-59 ஒயரோடு பொள்ளாச்சியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா மாட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். அந்தக் கறுப்பு ஒயரைக் கையில் எடுத்து, அச்சடித்திருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“இது நம்ம கேமரா ஒயரல்லங்க தம்பி?”

“ஆமாங்க.”

“மிச்சம் இருக்குதுங்களா? தோப்புல தேங்காய் காணாமப் போவுது, ஒரு கேமரா மாட்டோணும்.”

பதினெட்டு மீட்டர் இருந்தது. அடுத்த ஞாயிறு கொண்டுபோகிறேன்.